ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும்போது, கண்குழிக் கட்டியை ரத்தப் புற்றுநோய் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

எழுபது வயதைக் கடந்த உங்கள் தந்தைக்கு ஒரு கண் பிதுங்கியதாகவும், முதலில் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்றவர்கள் இப்போது ரத்தப் புற்றுநோய்க் கட்டி என்று மாற்றிச் சொல்வதாகவும், ரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்பாக இருக்கையில் கீமோதெரபி எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். பயாப்சித் திசுவைப் பார்த்து முடிவு எழுதும் நோயியல் மருத்துவர் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

எலும்பு மஜ்ஜையில் முதிர வேண்டிய இளம் வெள்ளணுக்கள் வேறோர் இடத்தில் குவிந்து வளரும் இந்தக் கட்டிக்கு மைலாய்ட் சார்கோமா என்று பெயர். கண்குழியில் இது பெரும்பாலும் குழந்தைகளுக்கே வருகிறது. முதியவர்களின் கண்குழியில் தோன்றும் புற்றுகளில் லிம்போமாவே அதிகம் என்பதால், எங்கள் எண்ணமும் முதலில் அங்கேதான் போகிறது. நுண்ணோக்கியிலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். அந்தச் செல்களுக்கு நடுவே சிவந்த துகள்கள் நிறைந்த இளம் ஈசினோபில்கள் (ஒருவகை வெள்ளணுக்கள்) ஒன்றிரண்டு தென்பட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். செல்களின் வகையைக் காட்டும் புரதக் குறியீடுகளில், லிம்போமாவுக்காகப் பார்க்கும் சிடி20, சிடி3 இரண்டும் நெகட்டிவாக, சிடி43 மட்டும் பாசிட்டிவாக இருந்தால், மைலாய்ட் செல்களுக்காகப் பார்க்கும் மைலோபெராக்சிடேஸ், லைசோசைம், சிடி117 ஆகியவற்றையும் பார்க்காமல் அறிக்கையில் கையெழுத்திடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். (வெட்டிய கட்டி சில நேரம் பச்சை நிறமாகத் தெரிவதற்கும் அந்த மைலோபெராக்சிடேஸ் நொதியே காரணம், குளோரோமா என்ற பழைய பெயர் 1853-இல் அதனால்தான் வந்தது.)

ரத்தத்திலும் மஜ்ஜையிலும் நோய் வெளிப்படுவதற்குப் பல மாதங்கள் முன்பாகவே இக்கட்டி தோன்றக்கூடும். ஆகவே, மஜ்ஜை சுத்தமாக இருந்தாலும், உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதை அக்யூட் மைலாய்ட் லுக்கேமியா என்ற, வேகமாகப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்குச் சமமாகவே வைக்கிறது. கட்டியை மட்டும் அகற்றிவிட்டோ கதிர்வீச்சு மட்டும் கொடுத்துவிட்டோ நிறுத்தினால், பெரும்பாலோருக்குப் பிறகு முழு லுக்கேமியாவாக மாறுகிறது. பார்வை நரம்பு நசுங்கும் நிலையில் கதிர்வீச்சு அவசரத் துணையே தவிர, கீமோதெரபிக்கு மாற்று அல்ல. கடுமையான கீமோதெரபியைத் தாங்க இயலாத முதியவர்களுக்கு அசாசிடிடின், வெனிடோகிளாக்ஸ் என்ற இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கும் வழி இருப்பதால், வயதைக் காரணம் காட்டி நீங்களாகவே சிகிச்சையை மறுத்துவிடாதீர்கள்.

மஜ்ஜைப் பரிசோதனை அவசியம் செய்யுங்கள். முன்பு எம்டிஎஸ் போன்ற மஜ்ஜைக் கோளாறு இருந்திருந்தால், அதை ரத்தநோய் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மஜ்ஜையில் ஒன்றும் இல்லையென்றால், எஃப்எல்டி3, என்பிஎம்1 ஆகிய மரபணுச் சோதனைகளைக் கட்டித் திசுவிலேயே செய்ய முடியுமா என்று கேளுங்கள். பயாப்சித் திசுவைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டை ஆய்வகத்தில் பத்திரமாக வைத்திருப்பார்கள், இரண்டாவது கருத்துக்கும் அதையே கேட்டு வாங்கி அனுப்பலாம்.