மீட்டரில் 78,000 தான், டைமிங் பெல்ட்டை இப்போதே மாற்ற வேண்டுமா?

கேள்வி: 2013 மாடல் டஸ்டர் டீசல் வண்டியைப் புரோக்கர் மூலமாகப் போன மாதம் வாங்கினேன். மீட்டரில் 78,000 கி.மீ. ஒரு லட்சம் வரை டைமிங் பெல்ட்டைத் தொடவே வேண்டாம் என்கிறார் புரோக்கர். தெருமுனை மெக்கானிக்கும் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, பெல்ட் நன்றாக இருக்கிறது என்கிறார். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே மாற்றுங்கள், அதுவரை வெளியூருக்கு எடுத்துப் போகாதீர்கள்.

உங்கள் மெக்கானிக் பார்த்தது டைமிங் பெல்ட்டே இல்லை. பானெட்டைத் திறந்ததும் தெரிவது ஆல்டர்னேட்டரைச் சுற்றும் வெளி பெல்ட். டைமிங் பெல்ட் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கிறது, கழற்றாமல் யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. கீழே பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் மேலே வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று, இந்தக் கணக்கு பிசகாமல் பிடித்து வைத்திருப்பது அந்தப் பல் வைத்த ரப்பர்தான். அது அறுந்தால் திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் வந்து இடிக்கும். அப்படி இடிபட்ட வால்வை மேஜைமேல் உருட்டிப் பாருங்கள், நேராக ஓடாமல் தள்ளாடிக்கொண்டு போகும். அப்புறம் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்க வேண்டியதுதான், பெல்ட் செலவைப்போல் பல மடங்கு ஆகும். பெரும்பாலும் முன்கூட்டி ஒரு சத்தம்கூட வராது.

கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, ரப்பர் நின்ற இடத்திலும் காயும். சர்வீஸ் புத்தகத்தில் கி.மீ., வருடம் இரண்டும் போட்டு, எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கும். புரோக்கர் முதல் பாதியை மட்டும் சொல்வார். அந்த 78,000-ஐயும் நான் நம்ப மாட்டேன், மீட்டரைக் குறைத்துக் கொடுக்க ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். ஆர்.சி. பெயர் மாற்ற இன்சூரன்ஸ், புகைச் சான்று என்று இத்தனை காகிதம் கேட்கிற ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வீஸ் பில் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை, எத்தனை வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

பெல்ட்டை ஏற்கெனவே மாற்றியாயிற்று என்று புரோக்கர் சொன்னால்? வாய்ச்சொல் போதாது. வண்டி எண், தேதி, கி.மீ., பார்ட் நம்பர் உள்ள பில் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அப்படி மாற்றிய பெல்ட்டிலும் ஆயில் பட்டிருந்தால் அது கெட்ட பெல்ட்தான். ஆயிலைத் தடுக்கும் கிராங்க் சீலிலோ கேம் சீலிலோ துளித்துளியாகக் கசிந்து பெல்ட்டில் ஊறினால் ரப்பர் உப்பும், பல் பிய்யும், ஒரு வருடப் பெல்ட்டாக இருந்தாலும் கணக்கில்லை. துணியால் துடைத்துப் போட்டுவிடலாம் என்பார்கள், விடாதீர்கள். சீலை மாற்றி, பெல்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். கூலன்ட் கசிந்திருந்தாலும் இதேதான்.

பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் இரண்டையும் மாற்றுங்கள். இந்த எஞ்சினில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான், பம்ப் சுற்றாமல் இறுகிப்போனால் புதுப் பெல்ட்டும் போய்விடும், கூலியும் இரண்டாம் முறை. சாமானை நீங்களே அங்கீகரிக்கப்பட்ட கடையில் பில்லோடு வாங்குங்கள், கம்பெனி அட்டைப்பெட்டிக்குள் போலி வைத்து விற்கிறார்கள். பழைய பெல்ட்டைக் கையில் வாங்கி வளைத்துப் பாருங்கள், பல்லின் அடியில் மயிரிழை வெடிப்பு தெரியலாம்.

நிலையை அடையாளம் வைக்கப் பெயின்ட்டில் கோடு போட்டு மாற்றுகிற கடை வேண்டாம், கிராங்கையும் கேமையும் அசையாமல் பூட்டும் பின் (pin) வைத்திருக்கிற இடமாகப் பாருங்கள். மாட்டி முடித்ததும் பின்னைக் கழற்றி, ஸ்பேனர் போட்டுக் கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, அந்தப் பின் மறுபடி சரியாக உட்காருகிறதா என்று பார்த்த பிறகே சாவியைத் திருகச் சொல்லுங்கள்.