ஃப்ராப்பே ஆப்பில் 'நோ மாட்யூல் நேம்ட்' பிழை: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஃப்ராப்பே என்ற பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்கில், இஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக மேலாண்மை மென்பொருளோடு சேர்த்து ஓட 'கிடங்கு' என்று ஓர் ஆப் எழுதினேன். மடிக்கணினியில் நன்றாக ஓடுகிறது. சர்வரில் ஆப்ஸ் ஃபோல்டருக்குள் கிட் குளோன் செய்தால் 'நோ மாட்யூல் நேம்ட் கிடங்கு' என்கிறது.

பதில்: குளோன் செய்தால் கோப்புகள் மட்டும்தான் வரும். ஃப்ராப்பே ஆப்களை நிறுவி நடத்தும் பெஞ்ச் என்ற கருவிக்கு, என்வ் என்ற ஃபோல்டரில் தனி பைதான் உண்டு. அதற்கு உங்கள் ஆப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 'பெஞ்ச் கெட்-ஆப்' கொடுத்திருந்தால் பிப் (பைதான் தொகுப்புகளை நிறுவும் கருவி) இன்ஸ்டாலும் சேர்ந்தே நடந்திருக்கும். இப்போது என்வ்வுக்குள் இருக்கும் பிப்பால் ஆப்பை நிறுவுங்கள். சர்வரின் பொது பிப்பைத் தொடாதீர்கள். அப்புறம் சைட்ஸ் ஃபோல்டரில் உள்ள ஆப்ஸ்.டிஎக்ஸ்டி-யில் பெயரைச் சேர்த்துவிட்டு, சைட்டுக்கு 'இன்ஸ்டால்-ஆப்' கொடுங்கள்.

கேள்வி: எனக்கு 'நோ மாட்யூல் நேம்ட் கிடங்கு.சரக்கு_வரவு' என்று வருகிறது. ஆப் நிறுவியாகிவிட்டது. எங்கே தேடுவது?

பதில்: பிழைச் செய்தியின் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது, பலர் அதைப் படிக்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். பாதையில் எந்தப் படி முதலில் கிடைக்கவில்லையோ அதுவரைதான் பைதான் அச்சிடும். ஆகவே 'கிடங்கு' கிடைத்துவிட்டது, அதற்குள் 'சரக்கு_வரவு' இல்லை.

ஃப்ராப்பே தேடும் வரிசை இது: ஆப், மாட்யூல் (ஆப்பின் ஒரு பிரிவு), 'டாக்டைப்' (ஒரு வகைப் பதிவின் வரையறை) என்ற ஃபோல்டர், டாக்டைப்பின் பெயரில் ஃபோல்டர், அதே பெயரில் பைதான் கோப்பு. மாட்யூலின் பெயர் திரையில் 'சரக்கு வரவு' என்று இருந்தாலும் ஃபோல்டரில் இடைவெளிக்குப் பதில் அண்டர்ஸ்கோர் வேண்டும். ஆங்கில எழுத்தென்றால் எல்லாமே சின்ன எழுத்து. மாட்யூல்ஸ்.டிஎக்ஸ்டி-யில் திரையில் உள்ள பெயர் அப்படியே இருக்க வேண்டும். ஃபோல்டரில், அதை பைதான் பேக்கேஜாகக் காட்டும் இனிட் கோப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியாகத் தெரிந்தால் 'பெஞ்ச் கன்சோல்' திறந்து பாதையை ஒவ்வொரு படியாக இம்போர்ட் செய்யுங்கள். எந்தப் படியில் அறுகிறது என்று கண்ணெதிரே தெரிந்துவிடும்.

கேள்வி: கன்சோலில் இம்போர்ட் ஆகிறது சார், ஆனால் பிரவுசரில் அதே பிழை.

பதில்: கன்சோல் புதிதாகத் தொடங்கியது, அதனால் புதிய நிரலைப் படித்தது. வெப் சர்வரும் பின்னணி வொர்க்கர்களும் பழைய நிரலையே நினைவில் வைத்திருக்கின்றன. 'பெஞ்ச் ரீஸ்டார்ட்' கொடுங்கள்.

கேள்வி: ஃபோல்டர், கோப்பு எல்லாம் சரி. பிழையில் டாக்டைப்பின் பெயர் மட்டும் வருகிறது.

பதில்: கோப்பைத் திறந்து கிளாஸின் பெயரைப் பாருங்கள். டாக்டைப்பின் பெயரில் இடைவெளியையும் ஹைஃபனையும் எடுத்துவிட்டால் வருவதுதான் கிளாஸ் பெயர். ஓரெழுத்து மாறினாலும் கிடைக்காது.

கேள்வி: சர்வரிலேயே டாக்டைப் உருவாக்கினேன். பைதான் கோப்பே வரவில்லையே?

பதில்: டெவலப்பர் மோட் (ஆப் எழுதுவோருக்கான அமைப்பு) இல்லாத சைட்டில் உருவாக்கினால் அது 'கஸ்டம்' டாக்டைப் ஆகிவிடும், தரவுத்தளத்தில் மட்டும் இருக்கும், கோப்பு வராது. உங்கள் கணினியில் டெவலப்பர் மோடில் உருவாக்கி, கிட்டில் சேர்த்து, சர்வரில், மாற்றங்களைத் தரவுத்தளத்தில் சேர்க்கும் 'மைக்ரேட்' ஓட்டுங்கள். உற்பத்தி சர்வரில் அந்த மோடை இயக்கவே வேண்டாம்.