பென்டிரைவோடு வரும் வம்பு: வாசகர் கேள்விகள்

கே: பரீட்சை சமயம் வந்தாலே எங்கள் பள்ளி லேபில் பென்டிரைவ் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடுகின்றன. ஃபைல்கள் போனது போனதுதானா? நல்ல ஆன்டிவைரஸ் வாங்கினால் தீருமா?
- கணினி ஆசிரியர், மஞ்சக்குப்பம், கடலூர்

ப: ஃபைல்கள் பெரும்பாலும் அதே பென்டிரைவில்தான் இருக்கும். அசல் ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைப்பது இந்த வைரஸின் வேலை. அதைத் திறந்தால் முதலில் வைரஸின் ஸ்கிரிப்ட் ஓடும், கூடவே ஃபோல்டரும் திறக்கும். ஃபோல்டர் திறந்துவிடுகிறதே, யாருக்குச் சந்தேகம் வரும்? அடுத்துச் செருகும் பென்டிரைவுக்கும் அங்கிருந்தே தொற்றும்.

மீட்க, ஷார்ட்கட்டைத் தொடாதீர்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஆப்ஷன்ஸில் ‘வியூ’ பகுதிக்குப் போய், மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கீழே ‘ஹைட் ப்ரொடெக்டெட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதிலுள்ள டிக்கையும் எடுக்க வேண்டும். முதலாவதோடு நிறுத்திவிட்டு ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்பவர்கள்தான் அதிகம். ப்ராப்பர்ட்டீஸில் ‘ஹிட்டன்’ கட்டம் மங்கலாக, மாற்ற முடியாமல் இருக்கும். வைரஸ் அதைச் சிஸ்டம் ஃபோல்டர் என்று குறித்துவைத்திருப்பதே காரணம். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். உள்ளே போய் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் வேறு இடத்துக்குக் காப்பி செய்து, ஸ்கேன் செய்துவிட்டு, பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். இஎக்ஸ்இ (புரோகிராம்), விபிஎஸ் (ஸ்கிரிப்ட்), எல்என்கே (ஷார்ட்கட்) என்று முடிகிற எதையும் கூடவே கொண்டுவராதீர்கள்.

ஆன்டிவைரஸுக்குச் செலவழிக்கும் முன் கணக்குகளைப் பாருங்கள். மாணவர்கள் அட்மின் கணக்கில் உட்கார்ந்தால் எந்த ஆன்டிவைரஸையும் அணைத்துவிடலாம். அவர்களுக்கு, அந்த அதிகாரமில்லாத ‘ஸ்டாண்டர்ட்’ கணக்கு கொடுங்கள். இந்த ஸ்கிரிப்ட் அதிலும் ஓடத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலும் அந்த ஒரு கணக்கோடு நிற்கும்; கணக்கை நீக்கிப் புதிதாகப் போட்டால் வேலை முடிந்தது. பென்டிரைவைச் செருகியதும் தானாகத் திறக்கும் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரே லேபுக்குப் போதும். காலாவதியான வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் நீக்கிவிட்டு, டிஃபெண்டர் இயங்குகிறதா என்று பாருங்கள்.

பரீட்சை சமயம் என்கிறீர்கள். பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவ்கள் போய்வருகின்றனவா? அதற்கென்று தனியாக ஒன்று வையுங்கள். பிடிஎஃப் மட்டும் அதில் போகட்டும். திரும்பி வந்ததும் திறந்து பார்க்காமல் ஃபார்மட்.

கே: எடிட்டிங் சாஃப்ட்வேரின் கிராக் பதிப்பை ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவினேன். பிறகு ஸ்கேன் செய்தால் ‘ஒன்றுமில்லை’ என்கிறது. ஆனால் என் இன்ஸ்டாகிராம் வேறு யாரோ கைக்குப் போய்விட்டது.
- கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

ப: திருடனே பூட்டைக் கழற்றச் சொன்னான், நீங்களும் கழற்றிக் கொடுத்தீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்’, ‘மேனேஜ் செட்டிங்ஸ்’, அதன் அடியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பாருங்கள். அங்கே சி டிரைவோ டவுன்லோட்ஸ் ஃபோல்டரோ இருந்தால், ஸ்கேன் அந்தப் பக்கமே போகவில்லை என்று அர்த்தம். அதை நீக்கி, கிராக்கையும் நீக்கி, ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக ஏறும் முன்பே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும்.

பாஸ்வேர்டுகளை அந்த லேப்டாப்பில் மாற்றாதீர்கள், புதியதும் திருடுபோகும். கைபேசியில் மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் கொடுங்கள். நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்திருப்பதைக் காட்டும் பிரௌசர் குக்கீயைத் திருடியவனுக்கு ஓடிபி தேவையில்லை. முதலில் ஈமெயில், பிறகு மற்றவை. பணம் ஏதும் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். மனம் ஆறாவிட்டால் விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுங்கள். நாங்களாக இருந்தால் அதைத்தான் செய்வோம்.

கே: அலுவலகத்தில் பழைய விண்டோஸ் 10 கணினிகள். டிசி, மதிப்பெண் பதிவுகள் எல்லாம் அதில்தான். மாற்றியே ஆக வேண்டுமா?
- பள்ளி அலுவலகப் பணியாளர், பண்ருட்டி

ப: விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. கல்வி நிறுவனங்கள் சலுகை விலையில் மூன்று ஆண்டு வரை நீட்டிப்பு வாங்கலாம். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். இல்லாதவற்றில் விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் போட்டு, எம்எஸ் ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸில் வேலை பார்க்கலாம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) உலகையே ஆட்டியபோது, அதற்கான அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

அதைவிட அவசரம் பேக்கப். இரண்டு வெளி ஹார்டு டிஸ்க், வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி. காப்பி முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். ஒன்று வேறு கட்டடத்தில், மாடியில் இருக்கட்டும். 2024 பெஞ்சல் மழையைப் பார்த்த நம் பக்கத்துக்கு இதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

கே: ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று திரை ஓரத்தில் அடிக்கடி வருகிறது.
- பெற்றோர், நெல்லிக்குப்பம்

ப: பெரும்பாலும் வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது ‘அலோ’ கொடுத்திருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ போய்த் தெரியாத தளங்களை நீக்குங்கள். அந்த அறிவிப்பில் வரும் எண்ணுக்கு மட்டும் போன் செய்துவிடாதீர்கள்.