7,800 கிலோமீட்டருக்கு 13 மணி நேரமா?

கேள்வி: ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போக டிக்கெட் தேடுகிறேன். தூரம் கணக்கிடும் தளம் ஒன்று 7,800 கி.மீ., சுமார் 9 மணி நேரம் என்கிறது. டிக்கெட்டிலோ நிற்காமல் போகிற விமானத்துக்கே 13 மணி நேரம் என்று இருக்கிறது. எதை நம்புவது? ஒரு இடத்தில் மாறிப் போகிற டிக்கெட் மலிவாக இருக்கிறது, அதை எடுக்கலாமா?

பதில்: டிக்கெட்டில் இருப்பதை நம்புங்கள். அந்தத் தளம் பூமிப்பந்தின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய தூரத்தை எடுத்து, விமானத்தின் சராசரி வேகத்தால் வகுத்துத் தருகிறது, அவ்வளவுதான். அந்தக் குறுகிய வழி ரஷ்யாவுக்கு மேலே போகிறது. 2022 பிப்ரவரி கடைசியிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களுக்கு அந்த வான்வெளி மூடப்பட்டுவிட்டது, அதனால் ஒன்று வடதுருவப் பக்கமாகச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் தெற்கே இறங்கி மத்திய ஆசியா, சீனா வழியாகப் போக வேண்டும். முன்பு ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த பயணம் இப்போது 13 மணி நேரம் பிடிப்பது இதனால்தான். சீன நிறுவனங்கள் இன்னமும் ரஷ்யா வழியாகவே பறக்கின்றன, ஆகவே சீனாவில் மாறிப் போகிற டிக்கெட்டில் மொத்த நேரம் நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கூடாமல் இருக்கலாம், பார்த்துவிடுங்கள்.

நேரத்தை நீங்களே கணக்குப் போடும்போது ஒன்று கவனியுங்கள், டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். மாலை 5.30க்குக் கிளம்பி மறுநாள் மதியம் 1.30க்கு இறங்கினால் 20 மணி நேரம் போலத் தெரியும். ஆனால் டோக்கியோ குளிர்காலத்தில் 7 மணி நேரமும் கோடையில் 6 மணி நேரமும் முன்னால் இருக்கிறது, அதைக் கழித்தால்தான் உண்மையான நேரம் வரும்.

சரி, மலிவு டிக்கெட்டுக்கு வருவோம். இரண்டு விமானமும் ஒரே புக்கிங்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தாராளமாக எடுக்கலாம், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் உங்களை டோக்கியோ கொண்டுபோய்ச் சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம், விமானம் போய்விட்டால் பணமும் போனதுதான்.

அப்புறம், நீங்கள் பார்த்த அந்த 7,800 கி.மீ. ஒரு இடத்தில் பயன்படும். விமானம் ரொம்பத் தாமதமானால் பயணிக்குக் கிடைக்கும் இழப்பீடு, ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியில், அந்தக் குறுகிய தூரத்தை வைத்துத்தான். 3,500 கி.மீ.க்கு மேல் என்றால் 600 யூரோ, 3 முதல் 4 மணி நேரத் தாமதத்துக்கு அதில் பாதியாகக் குறைக்கலாம். மோசமான வானிலை போன்ற காரணங்களுக்குக் கிடையாது. ஹெல்சிங்கியிலிருந்து கிளம்பும்போது எந்த நிறுவனமானாலும் இது பொருந்தும், டோக்கியோவிலிருந்து திரும்பும்போது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனமாக இருந்தால் மட்டும்தான், அதனால் ரிட்டர்ன் எடுக்கும்போது விமானத்தை இயக்கப்போவது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.