பழைய இலக்கம், புது மென்பொருள்: அலுவலக அழைப்புகள் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எந்த மென்பொருள் நல்லது?" என்றுதான் தொடங்குகின்றன. சூம், மைக்ரோசொப்ட் ரீம்ஸ், கூகுள் மீற் எதிலும் கூட்டம் நடத்தலாம், அதில் தலையை உடைக்கத் தேவையில்லை. மாறுகிற நேரத்தில் கழுத்தைப் பிடிப்பது வாடிக்கையாளர் கையில் இருக்கும் பழைய இலக்கமும் பழைய லிங்கும்தான். அந்தக் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதும் கூடவே வரும்.

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் சிறிய கணக்கியல் அலுவலகம் நடத்துகிறோம். லண்டன், ரொறன்ரோ வாடிக்கையாளர்களுடன் பல வருடம் ஸ்கைப்பில் பேசினோம். அது நின்றதும் இலவச ரீம்ஸுக்கு வந்துவிட்டோம். இப்போது காசு கட்டி வணிகக் கணக்கு எடுக்க நினைக்கிறோம். பழைய உரையாடல்கள் எல்லாம் கூட வருமா?

வராது. ஸ்கைப் 2025 மே 5 ஆம் திகதி மூடப்பட்டபோது, அதே பயனர் பெயரில் இலவச ரீம்ஸுக்குள் நுழைந்தவர்களுக்குத் தொடர்புகளும் உரையாடல்களும் கூடவே வந்தன. அந்த அனுபவத்தில்தான் "அடுத்த மாற்றமும் இப்படித்தான் இருக்கும்" என்று நினைக்கிறீர்கள். இலவச ரீம்ஸ் தனிநபர் கணக்கு. வணிக ரீம்ஸ் உங்கள் நிறுவனத்தின் பெயரில் திறக்கும் வேறொரு வீடு. இரண்டுக்கும் இடையில் கதவு கிடையாது. தேவையான கோப்புகளைத் தரவிறக்கி வையுங்கள். முக்கியமான உரையாடல்களை இப்போதே பிரதி எடுங்கள். பழைய கணக்கை உடனே அழிக்க வேண்டாம்.

வாடிக்கையாளர் பக்கம் இன்னொரு சங்கதி இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் உங்கள் ஆட்களும் ஸ்கைப்பிலிருந்து இலவச ரீம்ஸுக்குத்தான் போயிருப்பார்கள். உங்கள் வணிகக் கணக்கிலிருந்து அவர்களுடன் பேசலாம். ஆனால் நிர்வாகப் பக்கத்தில் 'வெளித் தொடர்பு' அமைப்புக்குள் போய், நிறுவனம் சாராத தனிநபர் கணக்குகளுடன் பேச அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் தாங்களாகவே உங்களைத் தொடர்பு கொள்ளலாமா என்பதற்கு அங்கேயே தனித் தெரிவு உண்டு. கணக்கியல் அலுவலகத்துக்கு அது திறந்திருக்க வேண்டும். இதை மூடிவைத்துவிட்டு "ஆட்கள் தொடர்பு கொள்வதில்லை" என்று கவலைப்படும் அலுவலகங்கள் உண்டு.

இலவசக் கணக்கில் குழுக் கூட்டம் 60 நிமிடத்தில் முடிந்துவிடும், 100 பேர் வரை சேரலாம். ரீம்ஸ் எசென்ஷியல்ஸ் என்ற மலிவான வணிகத் திட்டத்திலேயே 30 மணித்தியாலம், 300 பேர். உங்களுக்கு அது போதும். நிறுவன டொமைனில் (உங்கள் சொந்த இணையப் பெயரில்) மின்னஞ்சலும் வேண்டுமென்றால் மைக்ரோசொப்ட் 365 பிஸ்னஸ் பேசிக் திட்டத்தை எடுங்கள். எதை எடுத்தாலும் நிர்வாகிக் கணக்கை, எல்லாம் அமைத்துத் தருகிற பொடியனின் தனி ஜீமெயிலில் திறக்க விடாதீர்கள். அவர் நாளைக்குக் கனடா போய்விட்டால் கடவுச்சொல்லும் விமானம் ஏறிவிடும்.

எங்கள் கடைக்கு 021 இல் தொடங்கும் பழைய இலக்கம். ஊர் முழுக்க அதைத்தான் தெரியும். அதை ரீம்ஸுக்குள் கொண்டுவந்து எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் ஒலிக்க வைக்கலாமா?

கன்னாதிட்டியிலிருந்து ஒருவர், சாவகச்சேரியிலிருந்து ஒருவர், சுன்னாகத்திலிருந்து இருவர் இதையே கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

சில நாடுகளில் மைக்ரோசொப்ட் தானே தொலைபேசி இலக்கமும் நிமிடப் பொதியும் விற்கிறது. இலங்கை இலக்கங்களுக்கு அந்த வழி இல்லை. இங்கே செய்யக்கூடியது 'டிரெக்ட் ரூட்டிங்'. உங்கள் தொலைபேசி நிறுவனம் தரும் சிப் இணைப்புக்கும் (இணைய முறையில் அழைப்பைக் கொண்டுவரும் இணைப்பு) மைக்ரோசொப்டுக்கும் நடுவில் எஸ்.பி.சி. என்ற ஒரு வாயில்காவலன் சாதனம் அல்லது மென்பொருள் நிற்கும். அதற்குச் சொந்த டொமைன் பெயர் வேண்டும், மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் பெயர் செல்லாது. அந்தப் பெயரை உறுதிப்படுத்தும் பொதுச் சான்றிதழ் வேண்டும். மைக்ரோசொப்ட் பக்கம் பேசுவது மறையாக்கப்பட்ட வழியில்தான். பேசுகிற ஒவ்வொருவருக்கும் ரீம்ஸ் போன் லைசென்ஸ் தனியாக வேண்டும். ஐம்பது பேர் இருக்கும் நிறுவனத்துக்கு இது நியாயமான செலவு. ஆறு பேர் நிற்கும் நகைக்கடைக்கு நான் சொல்லமாட்டேன்.

சிறிய கடைக்கு ஐ.பி. பி.பி.எக்ஸ். போதும், அதாவது இணைய முறையில் இயங்கும் அலுவலகத் தொலைபேசி இணைப்பகம். அஸ்டெரிஸ்க் என்ற மென்பொருளின் அடிப்படையிலானவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஊழியர்களின் கைத்தொலைபேசியில் ஒரு செயலி போட்டால் 021 இலக்கம் அங்கே ஒலிக்கும். முதலில் உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதே இலக்கத்தைச் சிப் இணைப்பாக மாற்றித் தருவீர்களா?" ஆம் என்றால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் எப்.எக்ஸ்.ஓ. என்ற, வெளி இணைப்பைச் செருகும் வாயில் உள்ள கேற்வே (பழைய இணைப்பைச் சிப் அழைப்பாக மாற்றும் பெட்டி) ஒன்று வாங்கி, பழைய செப்புக் கம்பியையோ, ஃபைபர் பெட்டியின் பின்னால் தொலைபேசி செருகும் துளையையோ அதில் இணைக்கலாம். வாங்கும்போது எப்.எக்ஸ்.எஸ். என்று எழுதியதை எடுத்துவிடாதீர்கள். அது தொலைபேசிக் கருவி செருகுவதற்கு.

கேற்வே வழியில் எல்லோரும் முட்டுகிற இடம் ஒன்று. வெளியில் இருப்பவர் அழைப்பைத் துண்டித்ததைக் கேற்வே கவனிக்காமல் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். அடுத்தவர் அழைத்தால் 'பிஸி'. கேற்வேயின் அமைப்பில் துண்டிப்பு ஒலியின் அதிர்வெண்ணையும் இடைவெளியையும் உள்ளூர் ஒலிக்குப் பொருத்திவிட்டால் சரியாகிவிடும். அமைத்துத் தருபவர் காசு வாங்கிப் போகுமுன் வெளியிலிருந்து நாலைந்து தடவை அழைத்து, நடுவில் துண்டித்துப் பாருங்கள்.

பி.பி.எக்ஸில் இலக்க விதிகளும் எழுத வேண்டும். நம் ஆட்கள் உள்ளூருக்கு ஏழு இலக்கம் மட்டும் அழுத்திப் பழகியவர்கள். ஏழு இலக்கம் வந்தால் முன்னால் +9421 சேர்க்கவும், பூச்சியத்தில் தொடங்கும் பத்து இலக்கம் வந்தால் பூச்சியத்தை நீக்கி +94 சேர்க்கவும் விதி போடுங்கள். 119 (பொலிஸ்), 1990 (அம்புலன்ஸ்) இரண்டையும் அப்படியே விடுங்கள். அலுவலக உள் இலக்கங்களை 101, 102 என்று கொடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஒருநாள் ஒருவருக்கு 119 கொடுத்துவிடுவார்கள். பொலிஸை அழைத்தால் களஞ்சியத்தில் மணி அடிக்கும். 200 இலிருந்து தொடங்குங்கள். இணையம் விழுந்தாலும் வேலை செய்கிற ஒரு தொலைபேசி கடையில் எப்போதும் இருக்கட்டும்.

வேகம் பார்த்தால் 50 எம்.பி.பி.எஸ். காட்டுகிறது. ஆனால் பின்னேரம் ஆனால் மறுமுனையில் "உங்கட குரல் வெட்டி வெட்டி வருது" என்கிறார்கள். கொம்பனியை மாற்றவா?

மாற்றுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். குரல் அழைப்பு ஒன்றுக்கு 100 கே.பி.பி.எஸ். அளவே தாராளம். உங்களிடம் இருக்கும் வேகத்தில் அது ஒரு துளி. குரலைக் கெடுப்பது தாமதம், தாமதத்தின் ஏற்ற இறக்கம், வழியில் தொலையும் பொதிகள் (குரல் பயணிக்கும் தரவுத் துண்டுகள்). ரீம்ஸுக்கு மைக்ரோசொப்ட் வைக்கும் இலக்கு, பொதி இழப்பு ஒரு சதவீதத்துக்குக் கீழ், ஏற்ற இறக்கம் 30 மில்லிசெக்கனுக்குக் கீழ். வேகச் சோதனையில் பெரிதாகத் தெரியும் எண் இவற்றைச் சொல்லாது. அழைப்பு நடக்கும்போதே பாருங்கள். ரீம்ஸில் 'கோல் ஹெல்த்', சூமில் அமைப்புக்குள் 'ஸ்ரற்றிஸ்ரிக்ஸ்'.

பின்னேரத்தில் மட்டும் வருகிறது என்பது நல்ல துப்பு. அந்த நேரத்தில் உங்கள் கட்டடத்திலிருந்து மேலே போவது என்ன? கண்காணிப்புக் கமரா கிளவுட்டுக்கு அனுப்புகிறதா, யாருடைய கணினியாவது அன்றைய கோப்புகளை ஒத்திசைக்கிறதா என்று தேடுங்கள். பதிவேற்றும் பாதை நிரம்பினால் குரல் பொதிகள் றூட்டரில் வரிசையில் நிற்கும். கமராவின் பதிவேற்றத்துக்கு உச்சவரம்பு போடுங்கள், அல்லது றூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

குரல் பொதிகள் போகும் யு.டி.பி. வாயில்களையும் (போர்ட்) பாருங்கள். ரீம்ஸுக்கு 3478 முதல் 3481 வரை, சூமுக்கு 8801 முதல் 8810 வரை. ஃபயர்வோலில் இவை அடைபட்டிருந்தாலும் அழைப்பு வேலை செய்யும். 443 ஆம் வாயில் வழியாகச் சுற்றிப் போகும், குரல் இழுபடும். அதனால்தான் ஒருவரும் காரணத்தைத் தேடுவதில்லை. நீங்கள் ஐ.பி. பி.பி.எக்ஸ். வைத்திருந்தால் றூட்டரில் 'சிப் ஏ.எல்.ஜி.' என்றிருப்பதை அணைத்துவிடுங்கள். உதவி செய்வதாகச் சொல்லி உபத்திரவம் பண்ணுகிற அம்சம் அது.

பழைய கல்வீடுகளில் இயங்கும் அலுவலகமென்றால் சுவரைத் தாண்டிவரும் வைஃபையை நம்ப வேண்டாம். பேசுகிற மேசைக்குக் கேபிள் இழுங்கள். இத்தனையும் பார்த்தபிறகும் வெட்டினால் கொம்பனியை மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

ரொறன்ரோ வாடிக்கையாளருடன் ஒவ்வொரு கிழமையும் மாலை 6.30 க்குக் கூட்டம். மார்ச்சிலும் நவம்பரிலும் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் ஒரு மணித்தியாலம் பிந்தி வருகிறார். மென்பொருள் பிழையா?

மென்பொருள் சரியாகத்தான் செய்கிறது. நாம் வருடம் முழுக்க ஒரே நேரத்தில் இருக்கிறோம், அவர்கள் மாற்றுகிறார்கள். ரொறன்ரோவில் காலை 9 மணி என்றால் கோடையில் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. நீங்கள் இலங்கை நேரத்தில் கூட்டத்தைப் போட்டால் அவருடைய நாட்காட்டியில் நகரும். அவர் போட்டால் உங்களுடையதில் நகரும். யாருக்கு நேரத்தை மாற்றுவது கஷ்டமோ அவருடைய நேர வலயத்தில் கூட்டத்தை உருவாக்குங்கள். பெரும்பாலும் அது வாடிக்கையாளர்தான்.

லண்டன்காரரும் அதே கூட்டத்தில் இருந்தால் இன்னும் கவனம். கனடா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றும், பிரித்தானியா மார்ச் கடைசி ஞாயிறு. திரும்பி வரும்போது பிரித்தானியா ஒக்டோபர் கடைசி ஞாயிறு, கனடா நவம்பர் முதல் ஞாயிறு. இடைப்பட்ட கிழமைகளில் அவர்கள் இருவருக்கும் நடுவே ஐந்து மணித்தியாலம் நாலாகிவிடும்.

அலுவலகத்துப் பழைய சாதனம் ஏதாவது அரை மணித்தியாலம் முந்திக் காட்டினால் அது வேறு கதை. 2006 ஏப்ரலில் இலங்கை, கிரீன்விச்சை விட ஆறு மணி முந்திய நேரத்திலிருந்து பழைய ஐந்தரை மணி நேரத்துக்குத் திரும்பியது. அந்தச் சாதனம் இன்னும் ஆறிலேயே நிற்கிறது.

ரியூஷன் நிலையம் நடத்துகிறேன் அண்ணா. சூம் கணக்கு ஒன்று காசு கட்டி எடுத்தோம். ஒரு ஆசிரியர் வகுப்புத் தொடங்கினால் மற்றவரால் தொடங்க முடியவில்லை. லிங்கைப் பிள்ளைகள் வெளியில் கொடுத்துவிடுகிறார்கள், யார் யாரோ வந்து சத்தம் போடுகிறார்கள்.

முதலாவதுக்குக் காரணம் எளிது தம்பி. அந்தத் திட்டத்தில் ஒரு லைசென்ஸில் ஒரு நேரத்தில் ஒரு கூட்டம்தான். ஒரே நேரத்தில் எத்தனை வகுப்பு நடக்கிறதோ குறைந்தது அத்தனை லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் ஒரு ஆளுக்குரியது, பலர் பகிர்ந்துகொள்வதற்கல்ல. ஒரே கடவுச்சொல்லை எல்லா ஆசிரியர்களுக்கும் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். இலவசக் கணக்கில் சமாளிக்கலாமா என்றால், 40 நிமிடத்தில் வெட்டிவிடும்.

இரண்டாவதுக்கு, முன்பதிவைக் கட்டாயமாக்குங்கள். பதிவு செய்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி லிங்க் போகும். காத்திருப்பு அறையைத் திறந்துவைத்து, பதிவுப் பெயரோடு வருபவரை மட்டும் உள்ளே எடுங்கள். சூமின் தனிநபர் நிரந்தரக் கூட்ட இலக்கத்தில் வகுப்பு வைக்கவே வேண்டாம். அது ஒருமுறை வெளியில் போனால் போனதுதான். நுழையும்போதே மைக் மூடியிருக்கட்டும்.

கூட்டங்களின் வீடியோப் பதிவுகள் எல்லாம் வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கில் இருக்கின்றன. எடுக்கலாமா?

உடனே எடுங்கள். ரீம்ஸில் சாதாரணக் கூட்டத்தின் பதிவு ஒரு ஆளின் வன்ட்ரைவில் (மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பிடம்) போய் உட்காரும். அந்தக் கணக்கை நீக்கினால், வேறு ஏற்பாடு செய்யாதவரை 30 நாள்தான் அவகாசம். கணக்கு இருந்தாலும் பதிவுகள் 120 நாளில் தாமாகக் காலாவதியாகும்படிதான் ஆரம்ப அமைப்பு இருக்கும். ரீம்ஸ் குழுவின் சனலுக்குள் வைக்கும் கூட்டத்தின் பதிவு குழுவின் பொது இடத்துக்குப் போகும். இனிமேல் முக்கியமான கூட்டங்களை அங்கே வையுங்கள். வாடிக்கையாளர் பேசுவதை வீடியோப் பதிவு செய்யுமுன் அவரிடம் சொல்லிவிடுங்கள், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது.

கரண்ட் போனால் கூட்டமும் போய்விடுகிறது.

றூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ற் மினி யு.பி.எஸ். வாங்குங்கள். இரண்டுக்கும் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். வாங்குமுன் பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ற், அம்பியர் அளவைப் பாருங்கள். அதன் சார்ஜும் தீர்ந்துவிட்டால் அதே கூட்டத்தைக் கைத்தொலைபேசிக்கு மாற்றும் தெரிவு ரீம்ஸிலும் சூமிலும் உண்டு, கூட்டத்தை விட்டு வெளியேறத் தேவையில்லை.

021 இலக்கத்தை வட்ஸ்அப் பிஸ்னஸில் பதிய முயன்றோம். உறுதிப்படுத்தும் அழைப்பு வருகிறது, ஆனால் குறியீடு கிடைக்கவில்லை.

உங்கள் "வணக்கம், தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" குரல்தான் அந்த அழைப்பை எடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறது. தானியங்கிப் பதிலைக் கொஞ்ச நேரம் அணைத்து, அழைப்பு நேரே ஒரு மேசைத் தொலைபேசிக்கு வரும்படி விடுங்கள். பிறகு செயலியில் 'என்னை அழைக்கவும்' என்பதைத் தெரிந்து, தாளும் பேனையுமாக ஒருவரை அங்கே இருத்துங்கள். குறியீடு கிடைத்ததும் தானியங்கியைத் திரும்பப் போட்டுவிட்டு, இரண்டு படி உறுதிப்படுத்தலுக்கு ஒரு பின் இலக்கமும் வையுங்கள். அந்தப் பின்னை முதலாளி எழுதி வைத்திருக்க வேண்டும்.