'பேப்பர் வாசிக்கிறதுக்கு யாருங்க சம்பளம் தர்றாங்க?'

சென்ற மாதம் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம், மகளின் மேற்படிப்பு பற்றி யோசனை கேட்க என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள். சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார்கள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசு மகளிர் பள்ளி. கணக்கும் கம்ப்யூட்டரும் உள்ள குரூப், நல்ல மார்க்.

அவளுடைய அத்தை மகள் பெரியார் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அங்கே நடந்த ஒரு கருத்தரங்குக்கு இவளையும் கூட்டிப் போயிருக்கிறாள். இதழியல் பேராசிரியை ஒருவர் மேடையேறி, ஒரு செய்தி ஊருக்குள் எப்படிப் பரவுகிறது என்று தன் ஆய்வுக் கட்டுரையை வைத்துக் கால் மணி நேரம் பேசினாராம். முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "நீங்கள் கேட்டதெல்லாம் ஆண்களிடம்தானே?" என்று மடக்கினாராம். பேராசிரியைக்குக் கோபம் வரவில்லை. பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அந்தக் காட்சி இந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து, "எனக்கு அந்த மாதிரி பேப்பர் பிரசன்ட் பண்ற வேலை வேணும்" என்று சொல்லிவிட்டாள்.

அப்பா என்னிடம் கேட்டதுதான் மேலே தலைப்பு. "ஏனுங்க சார், டீக்கடையில நானும்தான் தினம் பேப்பர் வாசிக்கிறேன். அதுக்கு யாருங்க சம்பளம் தர்றாங்க?"

முதல் ஐந்து நிமிடம் வழக்கம்போல ஆறுதல் சொன்னேன். பயப்படாதீங்க, காலம் மாறிடுச்சு, இப்படி. அப்புறம் அம்மா மெதுவாக விஷயத்தைச் சொன்னார். கோயம்புத்தூரில் ஐடி கம்பெனியில் இருக்கும் தாய்மாமன், ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் பிடெக் சீட் ஒன்றை மேனேஜ்மென்ட் கோட்டாவில் பேசி வைத்திருக்கிறார். சிவதாபுரம் பக்கம் இருக்கும் மூன்று செண்ட் மனையை விற்றால் கட்டிவிடலாம். இதைக் கேட்டதும் ஆறுதலை நிறுத்திக்கொண்டேன்.

மனையை விற்காதீர்கள். முதலில் இதைத்தான் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். பெண் பொறியியல்தான் படிக்க வேண்டும் என்றாலும் விற்கத் தேவையில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. கலந்தாய்வில் அந்த வழியாகச் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அது கிடைக்கும் பிள்ளைக்கு மாமன் ஏன் விலை பேசுகிறார்? கல்லூரியின் பெயருக்காக. கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ள அந்தப் பெயர் உதவும். மூன்று செண்டுக்கு அது ஈடாகாது.

பெண்ணிடம் கோடிங் பிடிக்குமா என்று கேட்டேன். "பிடிக்காதுன்னு இல்ல சார். ஆனா அதுல யார்கிட்டயும் எதுவும் கேக்க முடியாதே" என்றாள். இந்தப் பதிலைத்தான் பெற்றோர் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதழியல் என்றதும் சொந்தக்காரர்களுக்கு மைக்கும், செய்தி வாசிப்பும், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பதும்தான் கண்முன் வரும். அவற்றைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் தாண்டிப் போகிறேன். இவள் கேட்டது வேறு. செய்தியை ஆராய்ச்சி செய்து, அதைக் கற்பித்து, சக ஆசிரியர்கள் முன்னால் வைத்து வாதாடும் வேலை. அதாவது பல்கலைக்கழக ஆசிரியர் வேலை. இந்தப் பக்கம் நம் ஊரில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

சொல்லிப் புரிய வைப்பதைவிடச் செய்ய வைப்பது நல்லது என்று, அவளுக்கு ஒரு வார வேலை கொடுத்தேன். உன் தெருவில் பத்துப் பேர். தினமும் ஒரே கேள்வி: இன்றைய வெள்ளி விலை உங்களுக்கு எப்படித் தெரிந்தது, யார் சொன்னார்கள், எத்தனை மணிக்கு? வேறெதுவும் கேட்காதே, பதிலை அப்படியே எழுது.

அடுத்த ஞாயிறு ஒரு நோட்டோடு வந்தாள். பட்டறைக்காரர்களுக்குக் காலை பத்துக்குள் வாட்ஸ்அப்பில் விலை வந்துவிடுகிறது. ஒரு பெரியவர் மட்டும் மறுநாள் பத்திரிகையில் பார்த்தால்தான் நம்புவேன் என்கிறார். அது நேற்றைய விலை என்று தெரிந்தும். வீட்டில் வைத்துப் பற்றவைப்பு வேலை செய்யும் பெண்களுக்கோ சாயங்காலம்தான் தெரிகிறது. பையில் வேலை கொண்டுவந்து கொடுக்கும் பையன் சொன்னால் உண்டு. அவர்களில் ஒரு அக்கா சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: "எங்களுக்கு எதுக்கு கண்ணு விலை? கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. வெள்ளி ஏறினா வேலை குறையும், அது மட்டும் தெரியும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1940-இல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவர் குழுவினரும் இதே மாதிரிதான் வீடு வீடாகப் போனார்கள். ரேடியோவும் பத்திரிகையும் ஓட்டை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கப் போனவர்களுக்கு, பலருக்கும் அரசியல் செய்தி அக்கம்பக்கத்து மனிதர்கள் வழியாகவே போய்ச் சேர்கிறது என்று தெரிந்தது. முதலில் பத்திரிகையிலிருந்து சிலருக்கு, பிறகு அவர்கள் வழியாக மற்றவர்களுக்கு. இரு படி ஓட்டம் என்று இன்றும் வகுப்பில் நடத்துகிறோம். இவள் நோட்டில் இரண்டாவது படி, பையோடு வரும் அந்தப் பையன். 1968-இல் சேப்பல் ஹில் என்ற ஊரில் மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு ஆசிரியர்கள், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத வாக்காளர்கள் நூறு பேரிடம் கேட்டுச் செய்த ஆய்வு இந்தத் துறையையே திருப்பிப் போட்டது. நூறே பேர். செவ்வாய்ப்பேட்டையில் இரண்டு தெருவுக்கு அவ்வளவு பேர் இருக்கிறார்கள்.

கணக்குப் படித்தது வீணாகுமே என்று அம்மாவுக்குக் கவலை. வீணாகாது. இன்னொரு வகை ஆய்வைச் சொல்கிறேன். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா. மலர்க் கண்காட்சிப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வரும். அதே மாதத்தில் சேர்வராயன் மலைக் கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி பற்றி எத்தனை செய்தி வந்தது? ஒரு நாளிதழின் ஐந்து வருட மே மாத இதழ்களை எடுத்து எண்ண வேண்டும். ஒருவரே எண்ணினால் போதாது; இருவர் தனித்தனியாக வகை பிரித்து, எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். தற்செயலாக ஒத்துப்போயிருக்கக் கூடியதைக் கழித்துவிட்டுச் சொல்ல, கோஹென் என்பவர் 1960-இல் ஒரு கணக்கே போட்டு வைத்திருக்கிறார். கப்பா என்று பெயர். கணக்குப் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வருவதே இல்லை, வந்தால் நன்றாக இருக்கும்.

சரி, அவள் கேட்ட பேப்பர் வாசிக்கும் மாநாட்டுக்கு வருவோம். ஒரு துறையோ சங்கமோ தலைப்பை அறிவிக்கும். ஆசிரியர் 250, 300 சொற்களில் சுருக்கம் எழுதி அனுப்புவார்: கேள்வி என்ன, யாரிடம் கேட்டேன், என்ன கிடைத்தது. நல்ல மாநாட்டில் பெயரை மறைத்து இரண்டு பேர் படித்துப் பார்த்து, வேண்டும் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்பது அடிக்கடி வரும். தேர்வானால் பதினைந்து நிமிடம். பேசுவதற்குப் பன்னிரண்டு, கேள்விக்கு மூன்று. அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் ரயிலேறுவது. ஆண்களிடம் மட்டும் கேட்டீர்களா என்று ஒருவர் சொன்னால், ஊருக்குத் திரும்பிப் பெண்களையும் கேட்டு, கட்டுரையைத் திருத்தி, ஆய்விதழுக்கு அனுப்பலாம். உலக அளவில் ஊடக ஆய்வாளர்களின் சங்கம் ஐஏஎம்சிஆர். 1957-இல் யுனெஸ்கோ ஆதரவில் தொடங்கியது. அதன் ஆண்டு மாநாடு 2014-இல் நமக்குப் பக்கத்தில், ஐதராபாத்தில் நடந்தது. அங்கே ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மட்டும்தான். தமிழில் கட்டுரை வாசிக்க இங்கே கருத்தரங்குகள் உண்டு, ஆனால் ஆங்கிலத்திலும் எழுதப் பழகத்தான் வேண்டும். பழகலாம், ஐந்து வருடம் இருக்கிறது.

இதில் காசு எங்கே என்றால், வேலையில் இருக்கும் ஆசிரியரின் பதவி உயர்வுக் கணக்கில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 ஒழுங்குமுறையில், வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டு மாநாட்டில் கட்டுரை வாசித்தால் 7 புள்ளி, உள்நாட்டில் நடந்தால் 5, தேசிய அளவு 3, மாநில அளவு 2. சமூக அறிவியல் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தால் 10.

இந்தப் புள்ளியைக் குறிவைத்தே கடை விரித்தவர்களும் உண்டு. வணிகவியல், யோகா, தமிழ், எந்திரவியல் எல்லாம் ஒரே நாளில், ஒரே ஹாலில். ராத்திரி அனுப்பினால் காலையில் தேர்வு. வராமலே பணம் கட்டினால் சான்றிதழும் ஐஎஸ்பிஎன் போட்ட புத்தகமும் தபாலில் வந்துவிடும். இளவயதில் நானும் அப்படி ஒன்றில் ஏமாந்திருக்கிறேன். நான்கு நிமிடம் பேசினேன். கேட்டவர்கள் எல்லாரும் சாப்பாட்டுக் கூப்பனைக் கையில் வைத்திருந்தார்கள். சால்வை மட்டும் இன்னும் வீட்டில் இருக்கிறது. உங்கள் பிள்ளை நாளைக்கு மாணவியாக இருக்கும்போது இப்படி ஒரு அழைப்போடு வந்து பணம் கேட்டால், பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வழி இதுதான். இளங்கலையில் எந்தப் பாடம் என்பது இரண்டாம் பட்சம். இதழியல் முதுகலைக்குப் பொதுவாக எந்தப் பட்டமும் போதும். கோரிமேட்டில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது, செர்ரி ரோட்டில் 1857-இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பிறகு கருப்பூரில், 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலை. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். முதுகலை இறுதியாண்டிலேயே, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதலாம்: இரண்டு தாளுக்கும் சேர்த்து 150 கேள்வி, 300 மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் பிஎச்டி காலத்தில் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, அப்புறம் 42,000. உதவிப் பேராசிரியர் பணிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. வாரம் 16 மணி நேரம் வகுப்பு.

இதன் மறுபக்கத்தையும் அன்றே சொன்னேன். இந்தத் துறை இருக்கும் கல்லூரிகள் குறைவு, நிரந்தர இடங்கள் இன்னும் குறைவு. அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக 25,000 ரூபாய்க்குச் சில வருடம் காத்திருக்க வேண்டி வரலாம். ஜேஆர்எஃப் கிடைக்காத பிஎச்டியை, வீட்டுப் பணத்தைப் போட்டு ஆறு வருடம் இழுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு மூன்று தடவை எழுதியும் வரவில்லை என்றால் முதுகலையோடு வேலைக்குப் போகட்டும். எண்ணவும் கேட்கவும் தெரிந்தவளுக்கு ஆய்வு நிறுவனங்களில் வேலை உண்டு. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் மீடியா படிப்பும் வேண்டாம். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு நான் சொன்னது அதற்கும் பொருந்தும்.

இதெல்லாம் பேசி முடித்தபோது அப்பா நோட்டை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று, "இதுல ஒரு தப்பு இருக்குதுங்க" என்றார். "எம்சிஎக்ஸ் சந்தை ராத்திரி பதினொன்றரை வரைக்கும் ஓடுது. விவரமானவன் விலையை முந்தின ராத்திரியே பார்த்துட்டுத்தான் தூங்கறான். காலைல வாட்ஸ்அப்ல வந்ததும்தான் தெரியும்னு உங்கிட்ட சும்மா சொல்லியிருக்காங்க பாப்பா. நானே அப்படித்தான் சொல்லுவேன்."

பெண் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு எவ்வளவு ஆகும் என்று அம்மா கேட்டார். கட்டணம் 48, பதிவுக்கு 2, ஆக ஐம்பது ரூபாய், ஆன்லைனில் போடலாம் என்றேன். கோயம்புத்தூருக்கு யார் போன் போட்டுச் சொல்வது என்பதை மட்டும் அவர்களே பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.