நாலு அங்குலமா, ஆறு அங்குலமா?

கேள்வி: எங்கள் லயத்துக்குப் போட்ட கொங்கிறீட் பாதை ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பிரதேச சபை மெம்பர் கொமிஷன் அடித்துவிட்டார் என்று தோட்டமே பேசுகிறது. நேர்மையான ஆளை எப்படித்தான் தெரிவு செய்வது?
– ஹட்டன் பகுதி வாசகர்

பதில்: ஆளை அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பாதையை அளந்து பாருங்கள்.

100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 6 அங்குலக் கனம் என்றால் ஏறத்தாழ 45 கன மீற்றர் கொங்கிறீட். 1:2:4 கலவைக்கு (சீமெந்து, மணல், கல்) கன மீற்றருக்கு 6 மூடை சீமெந்தாவது வேண்டும். ஆக 270 மூடை. அதையே 4 அங்குலத்தில் போட்டால் 30 கன மீற்றரில் வேலை முடிந்துவிடும். மிச்சம் 90 மூடை எங்கே? பெயர்ந்த இடத்தில் அடிமட்டத்தை வைத்தால் தெரிந்துவிடும். ஓரத்தில் மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். ஓரத்தைக் கனமாகப் போட்டு நடுவை மெலிய விடும் கெட்டிக்காரர்களும் உண்டு.

கனம் சரியாக இருந்தும் பெயர்ந்ததா? பக்கத்தில் கான் வெட்டாமல் மழைத் தண்ணீர் அடிமண்ணை அரித்திருக்கும். அல்லது போட்ட கொங்கிறீட்டை ஒரு வாரமாவது ஈரமாக வைத்திருக்க மாட்டார்கள். அது மேற்பார்வை பார்த்த தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டிய கணக்கு. எல்லாவற்றையும் மெம்பர் தலையில் கட்ட முடியாது.

அளவு கையில் இருந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். பிரதேச சபைப் பணம் என்றால் சபையிடம். எம்.பி.க்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி என்றால் பிரதேச செயலகத்திடம். "ஊழல் நடந்ததா?" என்று எழுதினால் பதில் வராது. மதிப்பீடு, ஒப்பந்தம், அளவீட்டுத் தாள், கொடுப்பனவு வவுச்சர் ஆகிய நான்கின் பிரதிகளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. கையளித்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் திரும்பாதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு உத்தியோகத்தரிடம் 14 நாட்களுக்குள் முறையிடுங்கள். அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. தாளில் 6, தரையில் 4 என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954க்கு அழைக்கலாம். வெறும் லயத்துப் பேச்சை வைத்துக்கொண்டு அழைக்காதீர்கள்.

ஒன்று மட்டும். இப்படியான சின்ன வேலைகளைக் கேள்விப்பத்திரம் (டெண்டர்) இல்லாமல் ஊர்ச் சங்கங்களுக்கே கொடுப்பதுண்டு. சங்கம் கையெழுத்து வைக்கும், வேலையை வேறொருவர் செய்வார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் உங்கள் சங்கத் தலைவரின் கையெழுத்து இருந்தால், மெம்பர் வீட்டுக்குப் போகும் வழியில் அவர் வீட்டு வாசலிலும் கொஞ்சம் நில்லுங்கள்.